யாரோ ஒரு பிள்ளையின் பாவங்கள்

என் அக்கா கத்தரீனாள் யாரிடமும் எதற்கும் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லமாட்டாள். வழி கேட்கிறவனுக்குத் தப்பான வழியையாவது சொல்லி அனுப்புவாளே தவிர, கையை விரிக்கமாட்டாள். சின்ன வயதில் எனக்கு இது சிரிப்பாக இருக்கும். இப்போது சிரிக்க முடியவில்லை.

சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கொழுந்து வெட்டுகிறாள். ஏழாம் வகுப்பு வரை தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். முதல் மார்க் அவள்தான். எட்டாம் வகுப்புக்கு மூணாறு போக வேண்டும் என்று இருந்த வருடத்தில் அப்பா லாரியிலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். அம்மா வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். அப்பாவையும் என்னையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அக்கா புத்தகப் பையை ஆணியில் மாட்டினாள். பதினெட்டு முடிந்ததும் தோட்டத்தில் பேர் பதிந்தாள். அவள் நின்றதால் நான் பத்தாவது வரை படித்தேன். படித்துக் கிழித்தது என்ன என்றால், ஜீப் ஓட்டுகிறேன். சூரியன் உதிப்பதைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களை விடியும் முன்னால் மலைக்கு ஏற்றிக்கொண்டு போய் இறக்கிக்கொண்டு வருவது என் பிழைப்பு. இந்தக் குற்றவுணர்ச்சி எனக்கு ரொம்ப நாளாக உண்டு. அதைத் தீர்த்துக்கொள்ளப் போய்த்தான் இன்னொன்றைத் தேடிக்கொண்டேன்.

அக்காவுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துப் பிறந்தவள் ரிஞ்சு. மச்சான் மத்தியாஸ் குமுளியில் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்க்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்து, தூங்கி, குளித்து, பூசை பார்த்துவிட்டுப் போவார். ஆக, தோட்டத்தார் வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயத்து வீட்டில் தாயும் மகளும்தான். பக்கத்து லயத்தில் நான்.

ரிஞ்சு வாய் திறந்தாலே கேள்விதான். ஆறு வயதில் ஒருநாள் கேட்டாள், யானை வந்தால் நம் நாய்கள் ஊரையே கூட்டுகின்றனவே, சிறுத்தை வந்தால் மட்டும் ஏன் சத்தமில்லாமல் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுக்கின்றன என்று. யானை பெரிசு, தூரத்திலேயே தெரியும், அதனால்தான் என்று அக்கா அளந்துவிட்டாள். பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் அதையே சுமந்துகொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் என் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, “மாமா, யானை நாயத் திங்காதுல்ல, அதான்” என்றாள். எனக்கு அந்த வயதில் மூக்கைத் துடைக்கவே தெரியாது.

இப்படிப்பட்ட பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்தில் போடவேண்டும் என்று அக்கா நின்றாள். போட்டாள். அங்கேதான் அவளுக்கு முதல் அடி. மகள் நோட்டை நீட்டிக் கேட்கிற எதையும் அவளால் வாசிக்க முடியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வராது. தலையில் ஏன் எண்ணெய் வைக்கவில்லை என்று கத்துவாள், இல்லாவிட்டால் மாமாவிடம் போ என்று விரட்டுவாள். மாமாவின் இங்கிலீஷ், ஸ்வெட்டர் போடுங்கள், மேகம் மறைத்தால் காசு திரும்பக் கிடைக்காது என்பதோடு முடிந்துவிடும். ஒரு சாயங்காலம் அக்கா என்னிடம் வந்து, மகள் முன்னால் முட்டாளாக நிற்பது செத்துப்போவதைவிட மோசமாக இருக்கிறது என்றாள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

போன வருடம் பெங்களூர்க்காரன் ஒருவன் ஜீப்பில் வரும்போது தன் போனில் எதையோ பேசி, அது திருப்பிப் பேசியதைக் காட்டினான். தமிழிலும் பேசும், இங்கிலீஷில் எழுதித் தரும், எந்த வகுப்புப் பாடமும் சொல்லும், இதுதான் ஏஐ என்றான். தாய்மாமன் என்று ஒருவன் இருந்தால் எதையாவது செய்ய வேண்டாமா? அடுத்த வாரமே ஒரு போன் வாங்கி, அதை ஏற்றி, அக்கா கையில் கொடுத்தேன். கொடுக்கும்போது என்னவோ இடுப்பொடிந்த அப்பாவையே எழுப்பி நடக்கவிட்ட மாதிரி எனக்குப் பெருமை.

அக்கா அதைப் பழகிய வேகத்தைச் சொல்ல வேண்டும். கொழுந்து வெட்டி வந்து, காலில் ஒட்டிய அட்டையை உப்புப் போட்டு உதிர்த்துவிட்டு, முதல் வேலையாகப் போனை எடுத்து உட்கார்ந்து, பாடப் பக்கத்தைப் படம் பிடித்துக் காட்டுவாள். “நாலாம் கிளாஸ் பிள்ளைக்கு இந்தப் பக்கத்துல உள்ளதுக்கெல்லாம் பதில் வேணும்யா” என்பாள். அது பதில் சொன்னதும், “ரொம்ப நன்றிய்யா” என்பாள். நான் கேலி செய்தால், இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு மரியாதையாக எனக்கு யார் பதில் சொன்னார்கள், தோட்டத்துச் சூப்பர்வைசரா என்று கேட்பாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் பேச, அது எழுத, ரிஞ்சு அதைப் பார்த்து நோட்டில் இறக்க, அரை மணி நேரத்தில் வீட்டுப்பாடம் முடிந்துவிடும். கையெழுத்து அழகு, பதில் எல்லாம் சரி, டீச்சர் நோட்டில் நட்சத்திரம். அந்த நட்சத்திரங்களை அக்கா எனக்குக் கூப்பிட்டுக் காட்டுவாள். மகளுக்கு அவள் பதில் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ரிஞ்சு கேள்வி கேட்பது நின்றுபோனதை நாங்கள் கவனிக்கவில்லை. ஏதாவது தோன்றினால் போனுக்குக் கை நீட்டுவாள். அது சொல்லும். தலையாட்டுவாள். எங்களுக்கும் தொல்லை விட்டது. பிள்ளை பெரியவளாகிறாள், அடங்கி வருகிறாள் என்று நானே சொன்னேன்.

ஜனவரியில் பள்ளிக்கூடத்தில் ‘என் அம்மா’ என்று ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னார்கள். அன்றைக்கு ரிஞ்சுவோடு விளையாட மோனிஷா வந்திருந்தாள். அதே வகுப்பு, கீழ் லயத்துப் பிள்ளை. அவள் அம்மாவும் அக்காவும் ஒரே செட்டு ஆட்கள், அடுத்தடுத்த தேயிலைச் செடி நிரையில் கொழுந்து வெட்டுகிறவர்கள். அக்கா வழக்கம்போலப் போனிடம் கேட்டாள். அது எழுதிக் கொடுத்தது. ரிஞ்சு அதைத் தமிழில் சொல்லிக் காட்டினாள். அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமை கேக் செய்கிறாள், ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விடுகிறாள், தூங்கும் முன் கதை வாசித்துக் காட்டுகிறாள். அக்கா கேட்டுவிட்டு, நல்லாத்தான் இருக்கிறாள் அந்த அம்மா என்றாளாம். மோனிஷா அவளாக இரண்டு வரி எழுதி வைத்திருந்தாள். மழைக்காலத்தில் தன் அம்மா காலில் அட்டை கடித்த இடத்தை எண்ணுவது தன் வேலை என்று. அதற்கு மேல் இங்கிலீஷ் வரவில்லை என்று பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்த பிள்ளையிடம், “எதுக்கு மண்டைய ஒடைக்க, நீயும் இதையே எழுதிக்கிடு பிள்ள” என்று போனை நகர்த்தி வைத்தது என் அக்காதான். பாசத்தில்தான் செய்தாள்.

இரண்டு நோட்டிலும் ஒரே கேக், ஒரே ரோஜா. டீச்சருக்குக் கோபம் வராமல் இருக்குமா? யார் யாரைப் பார்த்து எழுதியது என்று கேட்டிருக்கிறார். ரிஞ்சு சட்டென்று, மோனிஷா தன்னைப் பார்த்து எழுதிவிட்டாள் என்று சொல்லிவிட்டாள். இரண்டு அம்மாக்களையும் வரச் சொல்லி ஆள் வந்தது. அன்றைக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போனார்கள், என் ஜீப்பில். உள்ளே நடந்தது எனக்கு அப்போது தெரியாது. மோனிஷா ஒரு வார்த்தை பேசவில்லையாம். அத்தை வந்துவிட்டாள், அத்தை சொல்லுவாள் என்று அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். அக்கா வாயைத் திறக்கவில்லை. மோனிஷாவைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைத்தார்கள். வீட்டுக்குப் போனதும் அவள் அம்மா அவளை அடித்த சத்தம் மேல் லயம் வரை கேட்டது. நான்கூட, அந்தப் பிள்ளைக்கு ஏன் இந்தத் திருட்டுப் புத்தி என்று சொல்லிவிட்டுப் போய் ஜீப்பைக் கழுவினேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றில் புண் என்று மாத்திரை வாங்கினாள். தினமும் காலையில் அடுத்த நிரையில் மோனிஷாவின் அம்மா நிற்பாள். “எம் பிள்ள இப்படி மானத்த வாங்கிட்டாளே அக்கா” என்று அவள் புலம்புவாள். அக்கா கத்திரியை வேகமாக ஓட்டி முன்னால் போய்விடுவாள்.

பிப்ரவரியில் எங்கள் வேதக்கோவில் சப்பரத் திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு, பிள்ளைகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். பதினொரு பிள்ளைகள், அதில் ரிஞ்சுவும் மோனிஷாவும் உண்டு. புதுநன்மைக்கு முந்தின நாள் முதல் பாவசங்கீர்த்தனம். செய்த பாவங்களைப் பிள்ளைகள் பங்குச் சாமியாரிடம் சொல்ல வேண்டும். பயத்தில் மறந்துவிடும் என்பதால், தனியாக உட்கார்ந்து யோசித்து ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் இதற்குப் பாடம் எடுக்கிற சிஸ்டர். அந்தச் சீட்டைத் தாய் தகப்பன்கூடப் பார்க்கக் கூடாது. கவுன் என் செலவு, மெழுகுதிரி என் செலவு, தாய்மாமன் ஆயிற்றே.

சனிக்கிழமை காலை அக்கா கவுனை இஸ்திரி போடும்போது ஜெபப் புத்தகத்திலிருந்து அந்தச் சீட்டு விழுந்திருக்கிறது. மடித்து உள்ளே வைத்திருக்கலாம். படித்துவிட்டாள். படித்ததே பாவம் என்று சொல்லிக்கொண்டே என்னிடம் எடுத்து வந்தாள். அந்தப் பாவத்தில் நானும் பங்கு கொண்டேன்.

முத்து முத்தான கையெழுத்து. ‘என் தம்பியோடு பொம்மைக்காகச் சண்டையிட்டேன். என் அறையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவில்லை. காய்கறிகளைச் சாப்பிட மறுத்தேன். தாத்தா பாட்டி அழைத்தபோது பேச மறுத்தேன்.’ இப்படி எட்டு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரிஞ்சு ஒற்றைப் பிள்ளை, தம்பிக்கு எங்கே போவது? இரண்டு அறை லயத்து வீட்டில் அவளுக்கென்று ஓர் அறையா? இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டியும் கல்லறைக்குப் போய்ப் பத்து வருடமாகிறது. யாரோ ஒரு பிள்ளை செய்த பாவத்தை எழுதி வைத்திருக்கிறாள் என்று அக்காவைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. “மோனிஷா பேரு எங்க வினோ?” என்றாள்.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். போனை நகர்த்தி வைத்ததையும், டீச்சர் முன்னால் ஊமையாக நின்றதையும் சொன்னாள். மகள் பொய் சொல்லிவிட்டாள், அது பயத்தில் வந்த பொய், புதுநன்மைக்கு யோசிக்கும்போது அவளுக்கே உறைக்கும், சாமியாரிடம் சொல்லிவிடுவாள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இத்தனை நாள் தன்னைத் தேற்றி வைத்திருந்தாளாம். பிள்ளை உட்கார்ந்து யோசிக்கவே இல்லை, சீட்டையும் போனிடமே கேட்டு வாங்கிவிட்டாள் என்பதை அவளால் பொறுக்க முடியவில்லை. என்னிடம் வருவதற்கு முன்னால் மகளிடம், இதைத் தவிர வேறு ஒன்றும் இல்லையா என்று கேட்டிருக்கிறாள். ரிஞ்சு மூளையைக் கசக்கவில்லை. “அதுல வந்தத எல்லாம் எழுதிட்டேம்மா, வேற ஒண்ணும் வரல” என்றாளாம்.

நானாக இருந்தால் காதைப் பிடித்து, மோனிஷாவை மாட்டிவிட்டாயே அது பாவமில்லையா என்று கேட்டிருப்பேன். அக்காவிடமும் அதைத்தான் சொன்னேன். அவள் மாட்டேன் என்றாள். “நான் சொன்னா அதையும் ஒம்பதாவதா எழுதிக்கிடுவா. அவ்வளவுதான் நடக்கும்” என்றாள். போனை என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, இனி இது என் வீட்டுப் படி ஏறக் கூடாது என்றாள். வாங்கிக் கொடுத்தவன் நான். தலை நிமிராமல் ஜீப்பை எடுத்தேன்.

மத்தியானம் மூன்று மணிக்குக் கோவில் வெளி வராந்தாவில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். உள்ளே பீடத்துக்குப் பக்கத்தில் சாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தாய்மார்கள் முற்றத்தில். மோனிஷாவின் அம்மா தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியாக நின்றாள். மற்றவர்கள் அவளோடு முன்போல ஒட்டவில்லை. மோனிஷாவுக்கு அடுத்து ரிஞ்சு நின்றாள். மோனிஷாவின் சீட்டு அடித்து அடித்து எழுதிக் கந்தலாகியிருந்தது. ரிஞ்சு எட்டிப் பார்த்தாள். என்ன கேட்டாளோ, மோனிஷா தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னாள். மோனிஷாவின் முறை வந்தது, உள்ளே போனாள்.

ரிஞ்சு வரிசையை விட்டு எங்களிடம் வந்தாள்.

“அம்மா, எம்மேல கோவமா இருந்தது பாவம்னு மோனிஷா எழுதி வச்சிருக்கா. ஏம்மா கோவம்?”

அக்கா குனிந்து அவள் கவுன் மடிப்பைச் சரிசெய்தாள். ரிஞ்சு என் பக்கம் திரும்பிக் கை நீட்டினாள். “மாமா, போனக் குடுங்க. கேட்டுட்டுத் தாரேன்.”

போன் என் சட்டைப் பையில்தான் கனத்துக்கொண்டிருந்தது. சார்ஜ் தீர்ந்துவிட்டது என்றேன். கோவில் முற்றத்தில் நின்று பொய் சொன்னேன், அதற்காக மட்டும் நான் வருத்தப்படவில்லை.

பிள்ளை திகைத்துப் போனாள். நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. அக்காவிடம், நீ சொல்லு என்றாள். அக்கா அவளைப் படிக்கட்டில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். நீயே யோசி என்றாள். ரிஞ்சுவுக்குப் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். தன் கவுன் பெரிதாக இருப்பதாலா என்று கேட்டாள். அக்கா தெரியவில்லை என்பது போலத் தலையை அசைத்தாள். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது பார்க்கப் போகவில்லையே, அதுவா என்றாள். அதற்கும் அதே தலையசைப்புதான். சொல்லிவிடுவாள் என்றே நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ரிஞ்சு சீட்டை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள். சிஸ்டர் அவள் பேரை இரண்டு தடவை கூப்பிட்டார். நான் போய்க் கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

நான் திரும்பி வரும்போது ரிஞ்சுவின் முகம் மாறியிருந்தது. கண் எங்கேயும் நிற்கவில்லை.

“டீச்சர் கேட்டப்ப நான்...” என்று நிறுத்தினாள். பிறகு, “அவ பாத்து எழுதலல்லம்மா. நாமதான குடுத்தோம்” என்றாள்.

“ஆமா.”

“ஒனக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“அப்ப நீ ஏம்மா டீச்சர்ட்ட சொல்லல?”

போன் வந்த பிறகு அவளாக யோசித்துக் கேட்ட முதல் கேள்வி அது. அக்கா முகத்தைத் திருப்பினாள். பிள்ளை விடவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். “பயந்துட்டேன்டி” என்றாள் அக்கா கடைசியில். “எல்லார் முன்னாலயும் உன்ன விட்டுக்குடுக்க மனசு வரல.”

“அப்ப மோனிஷா?” என்றாள் ரிஞ்சு. அதோடு அழுதுவிட்டாள். அழுதுகொண்டே சீட்டைப் படிக்கட்டிலேயே போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அக்கா எழுந்தாள். தாய்மார்களும் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்துகொள்ளலாம் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். உள்ளே போவாள் என்று நினைத்தேன். அவள் முற்றத்தைத் தாண்டித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடந்தாள். எனக்கும் அதில் பங்கு இருந்தது, பின்னாலேயே போனேன்.

மோனிஷாவின் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “என்னக்கா, பிள்ளைகளுக்கு முடிஞ்சுதா?” என்றாள்.

“ஒம் மக பாத்து எழுதல” என்றாள் அக்கா. “நான்தான் எடுத்துக் குடுத்தேன். அன்னைக்கு டீச்சர் முன்னால தெரிஞ்சேதான் வாய மூடிட்டு நின்னேன். திங்கக்கிழமை நானும் எம் மகளும் போய்ச் சொல்லப் போறோம்.”

திட்டுவாள், கை ஓங்குவாள் என்று நான் நின்றேன். அடித்தாலும் தகும் என்று இருந்தது. அவள் தன் வலது கையை விரித்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகளை அந்தக் கையால்தான் அடித்திருந்தாள்.